ஒளியை எண்ணும் சிலிக்கன் சில்லு

ஒளி நம் கண்ணுக்கு ஆற்றுநீர் போலத் தொடர்ந்து வருவதாகத் தோன்றும். உண்மையில் அது நெல்மணி போலத் தனித்தனித் துகளாகத்தான் வருகிறது. அந்தத் துகளுக்கு ஃபோட்டான் என்று பெயர். மரக்காலால் அளப்பது வேறு, மணி மணியாக எண்ணுவது வேறு அல்லவா? அப்படி எண்ணுவதற்கென்றே வந்த கருவிதான் சிலிக்கன் ஒளிப்பெருக்கி. நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரத்தில் தராசும் பேரேடுமாக இருந்தவன் நான். ஆகவே இக்கருவியின் வரவையும் செலவையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதற்கு முன்னோடி, 1930களில் பிறந்த கண்ணாடிக் குழாய் ஒளிப்பெருக்கி. காற்று நீக்கிய அந்தக் குழாய்க்கு ஆயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும். கீழே விழுந்தால் உடையும். பக்கத்தில் காந்தம் இருந்தால் உள்ளே ஓடும் எலெக்ட்ரான்கள் வழிமாறிப் போகும். பிறகு ரஷ்ய விஞ்ஞானிகள் முன்னின்று உருவாக்கிய சிலிக்கன் வகையோ விரல் நகத்தைவிடச் சிறியது. பெரும்பாலும் 25 முதல் 70 வோல்ட்டுக்குள் வேலை செய்யும். காந்தத்தைச் சட்டை செய்யாது. அதனால்தான் காந்த ஸ்கேனையும் பெட் ஸ்கேனையும் ஒருசேர எடுக்கும் மருத்துவக் கருவிகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது? 2 மி.மீ. சதுரச் சில்லு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 50 மைக்ரான் அளவுள்ள அறைகள் ஏறத்தாழ 1,600 இருக்கும். அறை ஒவ்வொன்றும் ஒரு டயோடு. அது தாங்கும் எல்லை 53 வோல்ட் என்றால், வேண்டுமென்றே 56 வோல்ட் கொடுத்து வைக்கிறார்கள். ஒரு ஃபோட்டான் வந்து ஓர் எலெக்ட்ரானைத் தட்டிவிட்டால் போதும்; ஒன்று பலவாகி, இமைப்பொழுதுக்கு முன்னரே பத்து லட்சத்துக்கு மேல் பெருகிவிடும். உடனே அறையோடு இணைந்த மின்தடை அதை அணைத்து, மறுபடி தயாராக்கும். அறைக்குத் தெரிந்தது 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு சொல் மட்டுமே. எத்தனை அறைகள் 'உண்டு' என்றனவோ அதன் கூட்டுத்தொகையே நமக்கு வரும் துடிப்பு.

இது வரவு. இனிச் செலவைப் பார்ப்போம்.

முதலாவது, இருட்டு எண்ணிக்கை. ஒளியே இல்லாதபோதும் வெப்பத்தால் எலெக்ட்ரான் கிளம்பி 'உண்டு' என்று பொய் சொல்லும். நாம் எடுத்துக்கொண்ட சில்லில் இது நொடிக்குச் சில லட்சம் தடவை நடக்கும். இரண்டாவது, ஓர் அறை எரியும்போது அதிலிருந்தே சில ஃபோட்டான்கள் தெறித்துப் பக்கத்து அறையையும் கிளப்பிவிடும். மூன்றாவது, நிறைவு. நூறு ஃபோட்டானுக்கு நாற்பதைப் பிடிக்கும் சில்லில் 4,000 ஃபோட்டான் ஒரே சமயத்தில் விழுந்தால் கணக்குப்படி 1,600 வரவேண்டும். ஆனால் ஒரே அறையில் இரண்டு மூன்று விழுவதால் சுமார் 1,000தான் வரும். நாலாவது, வெயில். ஒரு டிகிரி ஏறினால் தாங்கும் எல்லை சுமார் 54 மில்லிவோல்ட் ஏறும் வகைகள் உண்டு. பத்து டிகிரி ஏறினால், கூடுதலாகக் கொடுத்த 3 வோல்ட்டில் அரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். பெருக்கமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் சரியும்.

சரி, மின்னழுத்தத்தைக் கூட்டிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கூட்டினால் பிடிக்கும் திறன் கூடும். பொய்யும் கூடவே கூடும். குறைத்தால் பொய் குறையும், மெய்யும் தப்பிப்போகும். எல்லாம் ஒரே திருகில் கட்டுண்டவை. இதுதான் இக்கருவியின் சூட்சுமம்.

இதன் அருமை மதுரையில் தெரியும். நம் மும்பை கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், நியூட்ரினோ ஆய்வுக்கு முன்மாதிரியாக 85 டன் காந்த இரும்புக் கருவி ஒன்றை அங்கே நிறுவினார்கள். நியூட்ரினோ சிக்குவது மிக அபூர்வம். வானிலிருந்து விழும் மியூவான்களோ நம் உள்ளங்கை வழியாகவே நொடிக்கு ஒன்று போகும். ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் அவை பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறையும். 100 மீட்டர் பாறை என்றால் நூற்றில் ஒன்றாகத்தான். மீதியைச் சுற்றுக்காவல் பிடித்தாக வேண்டும், அதாவது 10,000 மியூவானில் 9,999ஐ! பொய்க்குரலோ லட்சத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. இது கைகூடினால் பெரிய மலைக்குப் பதில் சிறு குன்றின் அடியிலும் ஆய்வுக்கூடம் அமைக்க வழி பிறக்கும்.

இக்காவலுக்கு ஒளிரும் பிளாஸ்டிக் பட்டைகளைத் தேர்ந்தார்கள். மியூவான் கடந்தால் மங்கிய ஒளி எழும். மெல்லிய இழைகள் அதை நுனிகளிலுள்ள சில்லுகளுக்குக் கொண்டுபோகும். பொய்யைக் களைவது எப்படி? கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சில்லுகள் தலைக்கு நொடிக்கு 3 லட்சம் பொய் சொல்கின்றன. 20 நானோநொடிக்குள் இரண்டும் சேர்ந்து சொன்னால்தான் ஏற்போம் என்றால், பொய் நொடிக்குச் சுமார் 1,800 ஆகிறது. சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு அறையாவது பேசவேண்டும் என்று இன்னொரு நிபந்தனை போட்டால் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். இரண்டு சாட்சி ஒத்துப்போனால்தான் வழக்கு நிற்கும் என்பது போலத்தான் இதுவும்.

இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இச்சில்லின் விவரத்தாளில் 'நூற்றுக்கு நாற்பது' என்று பார்த்தவுடன் மயங்கிவிடாதீர்கள். எந்த மின்னழுத்தத்தில், எத்தனை டிகிரியில், எவ்வளவு பொய்யோடு என்று சேர்த்துக் கேளுங்கள். செலவைக் காட்டாத வரவு கணக்கே ஆகாது.