கோரை: களையும் கலையும்

மண்ணில் முளைக்கும் எந்தப் பூண்டும் வீணுக்காகப் படைக்கப்பட்டதன்று. பயன் அறியாதவன் கண்ணுக்கு அது களை. அறிந்தவன் கைக்கு அது செல்வம். இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக விளங்குவது, நம் வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கல்லூரி விளையாட்டுத் திடலின் ஓரத்திலும் வளர்ந்து கிடக்கும் கோரையாகும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்ற மாணவர்கள் இதனை நன்கறிவர். வெயிலில் குனிந்து பறித்துக் குவித்த இடத்தை ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், எவரும் தொடாதது போல் கோரை மீண்டும் பசுமை விரித்து நிற்கும். இத்துணைப் பிடிவாதம் இச்சிறு பூண்டிற்கு எங்கிருந்து வந்தது? இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடி மணமக்கள் அமரும் பாயாக மாறியது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புல் போன்றது, புல்லன்று

நீண்டு மெலிந்த இலைகளைக் கண்டு கோரையைப் புல்லென்றே பலரும் கருதுகின்றனர். தாவரவியலார் இதனைப் புற்குடும்பத்தில் சேர்ப்பதில்லை. 'சைப்பரேசி' எனப்படும் தனிக் குடும்பத்தில் வைக்கின்றனர். வேறுபாட்டை அறியக் கருவி எதுவும் வேண்டா, விரல்களே போதும். கோரையின் பூந்தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாகவும், கணுக்கள் உடையதாகவும், கணுவிடையில் உள்ளீடற்றதாகவும் இருக்கும். கோரைத் தண்டோ கணுவின்றி, உள்ளே சோற்றுப்பகுதி நிறைந்து நிற்கும். புல்லின் இலைகள் தண்டின் இருபுறமும் இரு வரிசையாக அமைய, கோரையின் இலைகள் மூன்று வரிசையாக அமைகின்றன.

கோரையும் பூக்கும் செடியே. தண்டின் உச்சியில் குடைக்கம்பிகள் போல் விரிந்து நிற்கும் செம்பழுப்பு நிறக் கதிர்களே அதன் பூங்கொத்துகள். வண்ண இதழ்களோ வண்டை அழைக்கும் தேனோ அவற்றிற்கு இல்லை. ஒவ்வொரு சிறு பூவும் ஒரு செதிலின் மறைவில் இருந்துகொண்டு தன் மகரந்தத்தைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஆகவேதான் கோரை பூத்திருப்பதைக் கண்டும் நாம் அதனைப் பூவென்று எண்ணுவதில்லை.

மண்ணுக்குள் ஒரு மணிமாலை

வயலில் களையாக வளரும் கோரைக்கு 'சைப்பரஸ் ரோட்டண்டஸ்' என்று 1753-இல் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். இது பல்லாண்டு வாழும் பூண்டு. இதன் உயிர்நிலை இலையில் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது. மெல்லிய நிலத்தடித் தண்டுகளால் கோக்கப்பட்ட மணிமாலை போல், கிழங்கைத் தொடர்ந்து கிழங்காக அது பரவிச் செல்கிறது. இலையைப் பறித்தால் கிழங்கு மீண்டும் தளிர்விடும். மண்வெட்டியால் கொத்தினால் மாலை அறுந்து, அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைக்கும். ஒரு செடியை அழிக்கப் புகுந்தவன் பல செடிகளை நட்டவனாகிறான்.

உலகின் கொடிய களைகளைப் பற்றி ஹோம் முதலிய அறிஞர்கள் 1977-இல் வெளியிட்ட நூல், இதற்கே முதலிடம் தந்தது. 92 நாடுகளில் 52 வகைப் பயிர்களுக்கிடையே இது களையாக முளைப்பதாகவும் குறித்தது. எனினும் இதற்கும் வலுவற்ற இடங்கள் உண்டு. நிழலில் இது நலிந்துவிடும். மண்ணுக்கு மேலே வந்த கிழங்கு கடும் வெயிலில் சில நாள் கிடந்தால் உலர்ந்து இறந்துவிடும். கோடையுழவு செய்த நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்றே கருதவேண்டும்.

மருந்தான கிழங்கு

உழவன் வெறுக்கும் இக்கிழங்கையே மருத்துவன் தேடி எடுக்கிறான். நறுமணம் கமழும் கோரைக்கிழங்கைச் சித்த மருத்துவர்கள் முத்தக்காசு என்பர். காய்ச்சலுக்கும் செரிமானக் கோளாறுகளுக்கும் வழங்கும் மருந்துகளில் இதனைச் சேர்ப்பது வழக்கம். ஆயுர்வேதத்தில் இதன் பெயர் முஸ்தா. யூனானி மருத்துவர்கள் இதனை 'ஸுஅத் கூஃபி' என்பர். ஈராக்கின் கூஃபா நகரப் பெயர் அதில் ஒட்டி நிற்கிறது. மூன்று மருத்துவ மரபுகளும் நாட்டு மருந்துக் கடையில் ஒரே பெட்டியின்முன் வந்து நிற்கும் காட்சி எண்ணி மகிழத்தக்கது.

எழுத்தைச் சுமந்த உறவு

கோரையின் நெருங்கிய உறவினர்களுள் ஒன்று எகிப்து நாட்டில் நைல் நதிச் சதுப்புகளில் வளர்ந்த பாப்பிரஸ். ஆளுயரத்தையும் கடந்து வளரும் அச்செடியின் முக்கோணத் தண்டினுள் உள்ள சோற்றை மெல்லிய பட்டைகளாக அரிந்து, நெடுக்கிலும் குறுக்கிலும் அடுக்கி, அழுத்தி உலர்த்தி ஏடு செய்தனர். கிரேக்கரும் உரோமரும் அதில் எழுதினர். அவர்களுக்குப் பின் அரபியரும் எழுதினர். காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய அரபு ஆவணங்களுள் ஒன்றான ஹிஜ்ரி 22-ஆம் ஆண்டின், அதாவது கி.பி. 643-இன், பற்றுச்சீட்டு பாப்பிரஸ் ஏட்டில் எழுதப்பட்டதே. கிரேக்கமும் அரபும் ஒருங்கே அமைந்த அவ்வேடு இன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. அரபு மொழியில் ஏட்டைக் குறிக்கும் 'கிர்தாஸ்' என்னும் சொல்லும் பாப்பிரஸ் வழங்கிய காலத்தை நினைவூட்டுவதாகும்.

தமிழில் 'தாள்' என்பது நெல், கோரை போன்றவற்றின் தண்டையும் குறிக்கும்; எழுதும் காகிதத்தையும் குறிக்கும். தண்டே ஏடான பாப்பிரஸை நினைக்கையில் இச்சொல்லின் இரு பொருளும் நமக்கு இன்பம் தருகின்றன.

எகிப்தில் ஏடான இனம் தமிழகத்தில் விளையாட்டுப் பாவையாயிற்று. சங்க காலச் சிறுமியர் பசிய கோரையைக் கிழித்து முடிந்து பாவை செய்து விளையாடினர். அதனைப் 'பைஞ்சாய்ப் பாவை' என ஐங்குறுநூறு குறிக்கிறது. 'சாய்' என்பது கோரையின் பழம்பெயர். கோரையை நீளவாக்கில் கிழித்துப் பயன்கொள்ளும் கைப்பழக்கம் நம்மிடம் எத்துணைத் தொன்மையானது என்பதற்கு இப்பாவை சான்றாகும். அக்கைப்பழக்கத்தின் உச்சியில் நிற்பதே பத்தமடைப் பாய்.

பத்தமடையின் கைவண்ணம்

பாய்க்கு உதவுவது களைக்கோரையன்று; நீர்க்கரைகளில் உயர்ந்து வளரும் வேறொரு கோரை. டென்மார்க் நாட்டுத் தாவரவியலார் ரோட்பெல் 1773-இல் அதற்கு 'சைப்பரஸ் பாங்கோரி' என்று பெயரிட்டார். அப்பெயருக்குள் நம் 'கோரை' ஒலிப்பதைச் செவியுடையார் கேட்கலாம். இதில் இலைகள் சிறுத்து அடியில் உறையாக ஒடுங்கிவிட, நெடிய தண்டே பாய்க்கு இழையாகிறது. காவிரிக் கரையில் முசிறிப் பகுதியில் இது பயிராகவே வளர்க்கப்படுகிறது. வந்தவாசியும் கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற ஊரே.

ஆயினும் நுட்பத்தில் முதலிடம் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைக்கே உரியது. பொருநையாற்றுப் பாசனத்தில் செழித்த அவ்வூரில் இக்கலையைக் காத்து வருவோர் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினர். அவர்களிலும் பெண்களே மிகுதி. பச்சைக் கோரையை அறுத்து, நீளவாக்கில் கிழித்து, உலர்த்துவர். பின்னர் ஓடும் நீரில் பல நாள் ஊறவைப்பர். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, கத்தியால் இழை இழையாக வகிர்வர். முற்காலத்தில் சப்பங்க மரக்கட்டையிலிருந்து சிவப்புச் சாயம் காய்ச்சினர். பின்னாளில் ஆலைச் சாயங்கள் வந்தன.

தறி தரையை ஒட்டியே அமையும். பாவாகப் பருத்தி நூலையும், உயர்ந்த வகைக்குப் பட்டு நூலையும் கட்டுவர். கோரை இழையே ஊடை. ஒருவர் நீண்ட குச்சியில் இழையைச் செருகி ஊடே செலுத்த, மற்றவர் அச்சை இழுத்து நெருக்குவார். நுண்ணிய பாய் ஒன்று முடியப் பல வாரங்கள் ஆகும். முடிந்த பாய் துணிபோல் மடியும்; சிறு சுருளாய்க் கைக்குள் அடங்கும். மணமக்களின் பெயரும் மணநாளும் நெய்யப்பட்ட கல்யாணப் பாய் நெல்லைச் சீமையில் சமய வேறுபாடின்றி விரிக்கப்படும் சிறப்புடையது. 2012-13-ஆம் ஆண்டில் இப்பாய் புவிசார் குறியீடு பெற்றது.

நாம் செய்யத்தக்கது

குறியீடு பெயரைக் காக்கும், கையைக் காக்குமா? ஆலையில் வார்த்த பிளாஸ்டிக் பாய் சில நிமிடங்களில் உருவாகிக் குறைந்த விலைக்கு வந்துவிடுகிறது. பல வாரம் குனிந்து நெய்தவளுக்கு அவ்வுழைப்புக்கேற்ற கூலி கிடைப்பதரிது. தாய் நெய்த தறியில் மகள் அமரத் தயங்குகிறாள் என்றால் குற்றம் அவளுடையதன்று. படித்து வேறு பணிக்குச் செல்லும் பெண்களை மீண்டும் தறிக்கு அழைப்பதும் முறையன்று. உழைப்பின் மதிப்பறிந்து விலை கொடுப்பதே முறை. வீட்டு மணவிழாவிற்கு ஒரு கோரைப் பாய் வாங்கப் பெரியோர் முன்வருவராயின், அது ஒரு குடும்பத்தின் பல நாள் உணவாகும்.

தமிழ் மாணவர்க்கு வேறொரு கடமையும் உண்டு. கோரை அறுப்பது முதல் பாயைச் சுருட்டுவது வரை ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் அந்நெசவுப் பெண்களிடம் ஒரு சொல் இருக்கிறது. அகராதி ஏறாத சொற்களும் அவற்றுள் இருக்கக்கூடும். தறி நின்றால் அச்சொற்களும் நின்றுவிடும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர், பாய் நெய்யும் மூதாட்டி ஒருவரின் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவாராயின், அதுவே சிறந்த தமிழ்த் தொண்டாகும்.

இலையைப் பறித்தாலும் கிழங்கு இருக்கும்வரை கோரை மீண்டும் தளிர்க்கும். கலைக்கும் கிழங்கு உண்டு. அது அறிந்தவரின் நினைவு. அந்நினைவு உலர்ந்துபோகுமுன் அதனைக் காப்போமாக.