சுடாத லேசர், இழுக்கும் நரம்பு

மதுரை மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குகிறவரும் மேலூர் வயலில் நாற்று நடுகிறவரும் டாக்டரிடம் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "இடுப்புல பிடிச்சு கெண்டைக்கால் வரைக்கும் சுரீர்னு இழுக்குது." இதுதான் சயாட்டிகா. முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பின் வேரை நசுக்குவதே பெரும்பாலும் காரணம். 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தெளிவாக எழுதிக் காட்டினார்கள். பலருக்கு இந்த வலி சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஆகவே எடுத்த எடுப்பில் கத்தி தேவையில்லை.

அந்த வாரங்களைக் கடத்த பிசியோதெரபியில் கிடைக்கும் உதவிகளில் ஒன்றுதான் குறைதிறன் லேசர். மதுரைக்காரர்களுக்கு லேசர் புதிதல்ல. 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், சர்க்கரை நோயால் கெட்ட விழித்திரையை லேசரால் சுட்டு மேலும் கெடாமல் தடுக்கிறார்கள். இடுப்புக்கு வைக்கும் லேசரோ சுடவே சுடாது. அதன் திறன் அரை வாட்டுக்கும் கீழே.

இதற்கு வித்திட்டது ஓர் எலிச் சோதனை. லேசரால் புற்றுநோய் வருமா என்று பார்க்க, 1967இல் புடாபெஸ்ட் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் மயிர் மழித்த எலிகள்மீது ஒளியைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. மயிர்தான் வேகமாக முளைத்தது! சுடாத ஒளியும் உடலைத் தூண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது.

சிகிச்சை எளிது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பேனா போன்ற முனையை முதுகெலும்பின் ஓரமாக, பிறகு பிட்டத்தில், முழங்காலின் பின்புறத்தில் அழுத்திப் பிடிப்பார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சில ஜூல் ஆற்றல்தான். நோயாளி, சிகிச்சை தருபவர் இருவருமே பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். இந்த லேசரின் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடாது, விழித்திரை புண்ணாகலாம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சுவதால் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, அழற்சி தணிகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

ஆனால் நரம்பின் வேர் தசைக்குக் கீழே பல சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே போய்ச் சேரும் ஒளி சொற்பம். 2010இல் செர்பிய மருத்துவர்கள் கால்வரை பரவும் இடுப்புவலி வந்த 546 பேரிடம் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வலி மாத்திரை. அதோடு லேசரும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனாலும் நாள்பட்ட இடுப்புவலிக்கு லேசரைப் பரிந்துரைத்த 2017ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதலே, அதற்கான சான்று வலுவற்றது என்று சேர்த்தே சொன்னது.

என் கருத்தில் லேசர் துணை மட்டுமே. முடிந்த மட்டும் நடமாடுவதும் பயிற்சியும்தான் முதல் மருந்து. நடக்க முடியாதவர்களுக்குத் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, கேட்டுப் பாருங்கள். பயிற்சி சொல்லித்தராமல் லேசருக்கு மட்டும் மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள். சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ எந்த லேசருக்கும் காத்திருக்காதீர்கள். அன்றே அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.