ஊசிவேலைக் கம்பளமும் தோட்டத்துக் கம்பளியும்: ராகலையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பழம்பொருள் வாங்குதல் தனிமனிதரின் சுவை பற்றிய விடயமாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் ஒரு பொருளைச் செய்தவர் யார், பயன்படுத்தியவர் யார், இன்று அதனை விற்பவரும் வாங்குபவரும் யார் என்னும் வினாக்களை எழுப்பியவுடன் அச்சுவை ஒரு சமூக வரலாற்றினுள் அமைந்து கிடப்பது புலனாகும். மலையகத்து நகரங்களில் வாழும் ஆசிரியர், அலுவலர், சிறு வணிகர் ஆகியோரது இல்லங்களிலும் ‘துரை காலத்துச் சாமான்’ எனப்படும் பொருள்கள் இன்று இடம்பெறக் காண்கின்றோம். அவற்றுள் ஒன்றாகிய ஊசிவேலைக் கம்பளத்தை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது ராகலையில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியாகும். ஆசிரியரான நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு, பூவேலை செய்த பழைய விரிப்பொன்றை வணிகர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். அது உண்மையிலேயே பழையதா, கேட்கும் விலை தகுமா என்று நண்பர் எம்மிடம் வினவினார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவரான அவருடைய தாயார் கேட்டதோ வேறொன்று: “பங்களாவில இத மிதிக்க எங்களுக்கு உத்தரவில்ல தம்பி. இப்ப நம்ம வீட்டில இத யாரு மிதிக்கிறது?” முதலிரு வினாக்களுக்கும் கைத்தொழில் அறிவு விடை தரும். மூன்றாவதற்கு வரலாறே விடை தருதல் வேண்டும்.

1. பொருளின் இயல்பு

கம்பள விரிப்புகள் யாவும் ஒரே முறையாற் செய்யப்படுவன அல்ல. பாரசீகக் கம்பளம் தறியில் முடிச்சிட்டு ஆக்கப்படுவது; அதன் மேற்பரப்பில் வெட்டிய நூல் நுனிகள் மயிர்போல் நிமிர்ந்து நிற்கும். ஊசிவேலைக் கம்பளத்தில் அத்தகைய நுனிகள் இல்லை. கண்ணறைகள் தெளிவாகத் தெரியும் கன்வஸ் துணியொன்றின் மீது, கம்பளி நூலைக் கோத்த ஊசியினால், ஒவ்வொரு கண்ணறையையும் சாய்தையலாலோ குறுக்குத்தையலாலோ நிரப்பியே அது ஆக்கப்படுகின்றது. எனவே தறி நெசவினின்று வேறுபட்டு, தையற்கலையின் பாற்பட்டதாக அது அமைகின்றது.

போர்த்துக்கலின் அராயோலோஸ் என்னும் ஊர் இத்தகைய விரிப்புகளுக்கு 17ஆம் நூற்றாண்டு முதலே பெயர்பெற்றது. பிரித்தானியாவில் இது பெருவழக்கானமைக்கு ஜெர்மனியே காரணமாயிற்று. ஏறத்தாழ 1804 அளவில் பேர்லினில், கட்டமிட்ட தாளில் வண்ணந் தீட்டிய மாதிரிப் படங்கள் அச்சிட்டு விற்கப்படலாயின. ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என எண்ணித் தைத்தாற் போதும். ஓவியத் திறன் வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானிய மத்தியதர வர்க்க இல்லங்களில் நாற்காலி உறை, பாதப்பலகை உறை, விரிப்பு என எங்கும் இப்‘பேர்லின் வேலை’ பரவியது. 1851இல் இலண்டனில் நடைபெற்ற உலகப் பெருங்கண்காட்சியில், 150 பெண்கள் பகுதி பகுதியாகத் தைத்து இணைத்த பெருங்கம்பளமொன்று விக்டோரியா அரசிக்கென வைக்கப்பட்டிருந்தது. 1856இல் வில்லியம் பேர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்ததன் பின்னர், கண்ணைப் பறிக்கும் ஊதாவும் செந்நீலமும் இவ்வேலைப்பாட்டினுட் புகுந்தன.

2. ஓய்வும் உழைப்பும்

இத்தகைய விரிப்பில் உறைந்துள்ள உழைப்பின் அளவைக் கணித்துப் பார்த்தல் பயனுடைத்து. 6 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட விரிப்பின் பரப்பு 3,456 சதுர அங்குலமாகும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் எனக் கொள்ளின், சதுர அங்குலத்துக்கு 100 தையலாக, மொத்தம் 345,600 தையல்கள் வேண்டும். நிமிடத்துக்கு இருபது தையல் போடும் கைக்கு இது 288 மணி நேர வேலை. அதாவது எட்டு மணி நேர நாள்கள் முப்பத்தாறு. அங்குலத்துக்கு ஐந்து தையல் மட்டுமேயெனின் தொகை 86,400 ஆகக் குறையும். வாங்குவோர் முதலில் தையலின் நெருக்கத்தை எண்ண வேண்டுமெனக் கூறப்படுவதன் பொருள் இதுவே.

இவ்வளவு நேரத்தை ஊதியம் கருதாது செலவிட ஒரு பெண்ணால் இயன்றதெனின், அவள் வீட்டுச் சமையலையும் சலவையையும் வேறொருத்தி செய்தாள் என்பதை மனங்கொள்ளல் வேண்டும். அதே காலத்தில் கூலிக்கு ஊசி பிடித்தோரின் நிலை யாது? இலண்டனில் இருபது வயதுத் தையற்றொழிலாளியான மேரி ஆன் வோக்லி என்பாள், அரண்மனை விருந்துக்கான ஆடைகளை இடைவிடாது 26½ மணி நேரம் தைத்து, 1863இல் மாண்டமையை மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலின் வேலைநாள் பற்றிய அத்தியாயத்திற் பதிவு செய்துள்ளார். ஒரே நகரில், ஒரே ஊசி ஒரு வர்க்கத்துக்குப் பொழுதுபோக்காகவும் மற்றொரு வர்க்கத்துக்குச் சாவாகவும் அமைந்தது.

அந்நூலின் முதற்றொகுதி வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார் என்பது தற்செயல் ஒற்றுமையே. எனினும் துரை பங்களாவின் விரிப்பு எந்த உபரியின் மீது விரிக்கப்பட்டதென்பதை அவ்வாண்டு நினைவூட்டுகின்றது.

3. வாங்குவோர் நோக்க வேண்டியவை

வணிக வழக்கில், நூறாண்டு கடந்தது பழம்பொருள் எனப்படும். அதற்குட்பட்ட முன்னைத் தலைமுறைப் பொருளுக்கு அப்பெயர் பொருந்தாது. விற்பவர் இவ்வேறுபாட்டை மயக்குவதுண்டு. 20ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சீனாவிலிருந்து விக்டோரியக் காலத்துப் பூவேலையைப் பின்பற்றிய விரிப்புகள் பெருமளவில் உலகச் சந்தைக்கு வந்தன. அவையும் கையால் தைக்கப்பட்டவையே, தம்மளவிற் குறைவுடையனவல்ல. பழையன எனப் பொய்கூறி விற்கப்படும்போதே அவை குற்றமாகின்றன.

ஆகவே விரிப்பின் முகத்தைப் பார்க்குமுன் அதன் முதுகைப் பார்த்தல் வேண்டும். பின்புறத்தில் அடித்துணி தைக்கப்பட்டிருப்பின், ஒரு மூலையைப் பிரித்துக் காட்டுமாறு கேட்பதில் தவறில்லை. நெடுங்காலம் வெளிச்சம் பட்ட விரிப்பில் முன்புற வண்ணம் வெளிறியும் பின்புற வண்ணம் பளிச்சென்றும் இருக்கும். இருபுறமும் ஒரே சீராக மங்கிப் பழுப்பேறியிருப்பின் ஐயுறுதல் தகும். புதிய விரிப்புக்கு முதுமைத் தோற்றம் தரும்பொருட்டு அதனைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்தெடுக்கும் வழக்கம் கம்பள வணிகரிடையே உண்டு. தேயிலை விளையும் மண்ணிலேயே, தேயிலையால் முதுமையூட்டப்பட்ட பொருளைப் பழையதென நம்பி வாங்க நேர்வது எத்துணை நகைப்புக்குரியது!

அடுத்து நோக்க வேண்டியது கன்வஸின் வலிமை. கம்பளி நூல் தேய்ந்த இடத்தை மீளத் தைக்கலாம். அடித்தளமாகிய கன்வஸ் உக்கிவிட்டால் தைப்பதற்கே இடமில்லை. விரிப்பை மெல்ல மடித்தால் நொறுங்கும் ஒலி எழுமாயின் அதனை விட்டுவிடுதலே நன்று. நனைத்துப் பிழிந்த வெண்துணியை ஒரு மூலையில் ஒற்றிப் பார்த்துச் சாயம் கழலுகின்றதா என அறியலாம். நான்கு மூலைகளும் நேராக அமைந்துள்ளனவா, இணைப்புத் தையல்கள் விட்டுள்ளனவா, பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட பகுதிகளின் நிறம் ஒத்திருக்கின்றதா என்பனவும் விலையைத் தீர்மானிப்பன. ஒட்டுப்போட்டமை குறையன்று, மறைத்தமையே குறை.

நுவரெலியா, ராகலைப் பகுதிகளின் தட்பவெப்பம் தனிக்கவனத்துக்குரியது. பனிமூட்டமும் இடையறாத ஈரமும் கம்பளிக்குப் பகை. சீமெந்துத் தரையில் நேரே விரித்தால் அடியிற் பூஞ்சணம் பிடிக்கும். தடித்த அடிவிரிப்பொன்று இன்றியமையாதது. மடிப்புகளிலும் ஓரங்களிலும் அந்துப்பூச்சியின் புழுக்கூடுகள் உள்ளனவா என வாங்குமுன் தேடுதல் வேண்டும். வீட்டில் நீரிலிட்டுத் துவைத்தல் ஆகாது. கன்வஸ் சுருங்கிக் கோணும். வெயிலிற் காயப்போடாது நிழலிற் காற்றாட விடுதலும், சேமிக்கும்போது மடிக்காது பூவேலை வெளிப்புறமாக அமையச் சுருட்டி வெள்ளைப் பருத்தித்துணியாற் பொதிதலும் தக்கன. ஆள்நடமாட்டம் மிகுந்த வாசலில் இடுவதினும் அறையின் உட்பகுதியில் இடுதலோ சுவரிற் றொங்கவிடுதலோ அதன் ஆயுளை நீட்டும்.

4. கம்பளியின் கணக்கு

துரை பங்களா பிரித்தானிய மத்தியதர இல்லத்தின் நகலாகவே அமைக்கப்பட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக வந்த ஒடுங்கிய புகையிரதப் பாதை 1904இல் ராகலையை எட்டியது. தேயிலை கீழிறங்கவும் அரிசியும் பிற சாமான்களும் மேலேறவும் அது வழி செய்தது. துரைமார் ஊர் திரும்புகையில் தளபாடங்களை ஏலத்தில் விட்டுச் செல்வதும் வழக்கமாயிருந்தது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975இன் திருத்தமும் அக்காலப்பகுதியை முடித்துவைத்தன. பங்களாப் பொருள்கள் சந்தைக்கு வந்த வழிகள் இவை.

அதே மலையில், அதே குளிரில், லயத்துக் காம்பராவிலும் ஒரு கம்பளித் துணி இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட கரிய, சொரசொரப்பான கம்பளி அது. தோட்ட நிர்வாகம் அதனைத் தொழிலாளிக்கு வழங்கியது, ஆனால் இலவசமாகவன்று. அரிசியைப் போலவே கம்பளியின் விலையும் செக்ரோலில் அவர் பெயருக்கெதிரே பற்றெழுதப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கங்காணியிடம் பட்ட முன்பணக் கடனும், அக்கடனைச் சுமந்து தோட்டம் மாற உதவிய ‘துண்டு’ முறையும் 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளி பிறந்தது முதல் போர்த்தியது வரை யாவும் கணக்கேட்டுக்கு உட்பட்டிருந்தன. அக்கம்பளியே இரவில் பாயாகவும் போர்வையாகவும், மழையிற் கொங்காணியாகவும் பயன்பட்டது. கிழிந்தபின் குழந்தைக்கு விரிப்பாயிற்று. அதற்கும் உதவாதபோது அடுப்படியிற் கரித்துணியாயிற்று.

இங்கு இரு பொருள்களின் விதியையும் ஒப்பிட்டு நோக்கலாம். பங்களாக் கம்பளம் பயன்பாட்டினின்று காக்கப்பட்டமையால் எஞ்சியது, எஞ்சியமையால் அருமையாயிற்று, அருமையாற் பரிவர்த்தனை மதிப்புப் பெற்றது. கம்பளியோ முற்றாகப் பயன்படுத்தப்பட்டமையால் அழிந்தது. பழம்பொருட் சந்தையில் ஒன்றுக்கு விலையுண்டு, மற்றதற்கு இல்லை. மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றந்தரும் என்னும் கருத்துக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

5. முடிவுரை

மலைநாட்டுத் தலைவனான பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியைப் புறநானூறு போற்றுகின்றது. ஆயின் அதே தொகுதியில், அவனாற் கைவிடப்பட்ட மனைவி கண்ணகியின் கண்ணீரைச் சுட்டி, அவளுக்கு அருளுமாறு பரணரும் கபிலரும் பிறரும் அவனை இரந்து பாடியுள்ளனர். பரிசிலைக் கொண்டாடிய புலவரே, போர்வை எவருக்கு முதலில் உரியது என்றும் கேட்டுள்ளனர். அக்கேள்வி இன்றும் எமக்குரியது.

ஊசிவேலைக் கம்பளத்தை வாங்கலாகாது என்பது எமது கருத்தன்று. 345,600 தையல்களை இட்ட கைகள் மதிப்புக்குரியவை. அன்றைய தோட்டத் தொழிலாளியின் பேரன் அதனை விலை கொடுத்து வாங்கித் தன் தரையில் விரிப்பதில் வரலாற்று நியாயமும் உண்டு. எனினும் துரையின் வீட்டை நகல் செய்வது விடுதலையாகாது. கம்பளை அருகே, பழைய லயமொன்றில் அமைந்துள்ள தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம், தொழிலாளரின் புழங்குபொருள்களைத் திரட்டிக் காத்து வருகின்றது. அத்தகைய முயற்சி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தொடங்குதல் வேண்டும். பங்களாச் சாமானுக்கு விலைபேசுமுன், தம் வீட்டுப் பரணில் ஒரு படங்கோ, கொழுந்துக் கூடையோ, எஞ்சிய கம்பளித் துண்டோ கிடக்கின்றதா என்று தேடுவோமாக. அதனைத் தூக்கியெறியாது, யார் பயன்படுத்தியது, எந்தத் தோட்டத்தில், எந்தக் காலத்தில் என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வைப்போமாக.

நண்பர் இறுதியில் அவ்விரிப்பை வாங்கினார். முதுகைப் புரட்டிப் பார்த்து, தேயிலைச் சாயம் ஏற்றியதெனக் கண்டு, விலையைப் பாதியாகக் குறைத்த பின்னரே. அது இப்போது கூடத்தில் விரிக்கப்பட்டுள்ளது. அதன்மேல் முதலில் நடந்தவர் அவருடைய தாயார்.