உங்களுக்குத் தெரியுமா? மண்டேலா பேருரை நடந்த இடங்கள்

நெல்சன் மண்டேலா பெயரிலான ஆண்டுப் பேருரை 2003இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. முதலில் பேசியவர் அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளிண்டன். அமைதி நோபல் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி, கென்யாவின் வங்காரி மாத்தாய், 2005இல் பேசினார்.

பேச்சாளர்களைவிட இடங்களின் தேர்வுதான் சுவாரசியம். அப்போதைய லைபீரிய அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப் 2008இல் பேசியது, ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் வாழும் சோவெட்டோவின் கிளிப்டவுனில். நிறவெறிக்கு எதிரான 'சுதந்திர சாசனம்' 1955இல் ஏற்கப்பட்டது அங்கேதான். ஏற்றத்தாழ்வை ஆராயும் பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தோமா பிக்கெட்டியும் 2015இல் சோவெட்டோவுக்கே வந்து பேசினார். வறுமையைப் பற்றிக் குளிரூட்டிய நட்சத்திர ஓட்டல்களில் பேசிக் கலையும் மாநாடுகளுக்கு இது எவ்வளவோ மேல்!

2018இல், மண்டேலாவின் நூற்றாண்டுப் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், பராக் ஒபாமா பேசியபோது கூட்டம் ஆயிரக்கணக்கில். இடம் ஜோகன்னஸ்பர்க்கின் வாண்டரர்ஸ் மைதானம். ஆமாம், 2007 டி20 உலகக் கோப்பையைத் தோனி அணி வென்ற அதே மைதானம்தான்.

கொரோனா ஆண்டான 2020இலோ மைதானமும் இல்லை, கூட்டமும் இல்லை, ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் நியூயார்க்கிலிருந்து இணையவழியே பேசினார்.