புரொஸ்டேட் புற்றுநோய்: பெண்களும் அறிந்திருக்க வேண்டியவை

ஆண்களுக்கு மட்டுமே வரும் ஒரு நோயைப் பற்றிப் பெண்கள் வாசிக்கும் பக்கத்தில் எழுதுவதேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. இரவில் கணவர் எத்தனை தடவை சிறுநீர் கழிக்க எழும்புகிறார் என்பது மனைவிக்குத்தான் தெரியும். கேட்டால், "வயசு போனால் அப்படித்தான்" என்பார். வெட்கம் அவரது வாயை அடைத்துவிடுகிறது.

புரொஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ள சிறிய சுரப்பி. வயது ஏற ஏற அது பருத்துக் குழாயை நெருக்குவதுண்டு. இரவில் அடிக்கடி எழும்ப இது காரணமாகலாம்; நீரிழிவும் காரணமாகலாம். இப்பருமன் புற்றுநோயல்ல. புற்றுநோயோ ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. எனவே, சிறுநீர் தடைப்பட்டாலோ அதில் இரத்தம் தென்பட்டாலோ வெட்கப்படாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

பீ.எஸ்.ஏ. பரிசோதனை

அறிகுறி எதுவுமில்லாத ஆண்களிடமும் இந்நோயைத் தேடுவதற்குப் பயன்படுவது பீ.எஸ்.ஏ. எனும் இரத்தப் பரிசோதனை. புரொஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதத்தின் அளவை இது காட்டுகிறது. புற்றுநோயில் அந்த அளவு கூடும். சுரப்பி பருத்தாலும் கூடும்; கிருமித் தொற்றினாலும் கூடும். ஆகவே எண் கூடிவிட்டது என்பதற்காக வீட்டில் அழுகுரல் எழ வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லா ஆண்களையும் பரிசோதிப்பதால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா? ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 55 முதல் 69 வயது வரையான ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை 23 ஆண்டுகள் அவதானித்து, 2025இல் முடிவை வெளியிட்டனர். பரிசோதனைக்கு அழைக்கப்படாதவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 16 பேர் இந்நோயால் இறந்தனர். அழைக்கப்பட்டவர்களில் சுமார் 14 பேர் இறந்தனர். நன்மை உண்டு, ஆனால் அது சிறியது.

மறுபக்கமும் இருக்கிறது. அழைக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 27 பேர் வரை மேலதிகமாகப் புற்றுநோயாளர் எனக் கண்டறியப்பட்டனர். இவர்களுள் பலரது நோய் மிக மெதுவாக வளர்வது. ஆயுள் முழுதும் தொல்லை தராமலே இருந்திருக்கக்கூடியது. ஆனால் சத்திரசிகிச்சையோ கதிர்வீச்சோ பெற்றால் சிறுநீர் கசிதல், தாம்பத்திய உறவில் பலவீனம் போன்ற துன்பங்கள் வரலாம். அவற்றை மனைவியும் சேர்ந்தே சுமக்கிறாள்.

உடனே வெட்ட வேண்டுமா?

பிரித்தானியாவில் ஆரம்ப நிலை நோயுள்ள 1,643 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குச் சத்திரசிகிச்சை, இன்னொரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு, மற்றவர்களுக்குத் தொடர்ச்சியான கண்காணிப்பு மாத்திரம். 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, எந்தப் பிரிவிலும் நூற்றுக்கு 97 பேரளவில் இந்நோயால் இறக்கவில்லை. கண்காணிக்கப்பட்டவர்களில் பலருக்குப் பின்னர் சிகிச்சை தேவைப்பட்டது உண்மை. எனினும் ஆறுதலாக யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருந்தது. இன்று பல நாடுகளில் பீ.எஸ்.ஏ. கூடியவருக்கு முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, சந்தேகம் இருந்தால் மாத்திரமே ஊசி மூலம் இழையம் எடுக்கின்றனர். தேவையற்ற ஊசி பலருக்குத் தவிர்கிறது.

பெண்வழிச் செய்தி

சகோதரிகள் முக்கியமாக மனதில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வாப்பாவுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்து அதிகம் என்பது பலரும் அறிந்தது. உம்மா, சாச்சி, சகோதரி ஆகியோருக்கு மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்திருந்தாலும் ஆண்களுக்கு ஆபத்துக் கூடலாம். பீ.ஆர்.சீ.ஏ. 2 எனும் மரபணுவிலுள்ள குறைபாடு ஆண், பெண் இருபாலாருக்கும் கடத்தப்படுவதே காரணம். பெண்களின் நோயை மறைத்து வைக்கும் குடும்பத்தில் ஆண் பிள்ளைகளுக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காமலே போய்விடும்.

எனவே, இரத்தம் கொடுப்பதற்கு முன்னரே வைத்தியரிடம் மூன்றைக் கேளுங்கள். இவரது வயதுக்கும் உடல்நிலைக்கும் இப்பரிசோதனையால் பயன் உண்டா? எண் கூடினால் அடுத்து என்ன செய்வீர்கள்? நோய் இருந்தால் கண்காணிப்பு மட்டும் போதுமா? கணவரோடு நீங்களும் உடன் சென்று கேளுங்கள். அவர் கேட்க வெட்கப்படுவதை நீங்கள் கேட்கலாம்.