மலிவான மெர்லோ போதும்

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் மிகுதியாகப் பயிராகும் திராட்சை மெர்லோ. இதன் சிவப்பு ஒயினில் துவர்ப்பு குறைவு. ஆகவே வீட்டுச் சமையலோடு எளிதில் ஒத்துப்போகும். வாட்டிய கோழி, காளான், தக்காளி சேர்த்த மக்ரோனி ஆகியவை பொருத்தம். காரக் கறியோடு அருந்தினால் நாக்கு மேலும் எரியும்.

போத்தலில் பொமெரோல் என்ற ஊர்ப்பெயர் இருந்தால் விலை எட்டாது. தென் பிரான்சு, சிலி நாட்டு மெர்லோக்கள் மலிவு. சிலியில் மெர்லோ என்று வளர்த்த கொடிகளில் பல, கார்மெனேர் என்ற வேறு இனம் என்பது 1994-இல் தெரியவந்தது. ஆக, பெயருக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

திறந்த போத்தலை இறுக மூடி ஐஸ்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஒரே இரவில் தீர்க்க வேண்டியதில்லை. பீரைவிட இதில் போதை இரு மடங்குக்கு மேல். குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்கவும் வேண்டாம். சம்பள நாளில் முதற்செலவு அரிசியும் பிள்ளைகளின் புத்தகமுமே!