உங்களுக்குத் தெரியுமா? அன்னாசி க்ரீமுக்கு டின் பழமே மேல்!

விருந்துக்கு முதல் நாளே அன்னாசி க்ரீம் புட்டிங் செய்து ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால், புதுப் பழத்தைவிட டின் பழமே நல்லது. சோம்பேறிச் சமையல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. புது அன்னாசியில் ‘ப்ரோமலைன்’ என்ற நொதி இருக்கிறது; புரதத்தைத் துண்டு துண்டாக்குவதே அதன் வேலை. க்ரீமிலுள்ள பால் புரதம் இப்படிச் சிதையச் சிதையக் கசப்பு தட்டும். புட்டிங்கை உறைய வைக்கும் ஜெலட்டினும் புரதம்தான் என்பதால், எவ்வளவு குளிர வைத்தாலும் புட்டிங் உறையாமல் நீர்த்தே கிடக்கும். டின்னில் அடைக்கும்போது பழம் சூடாக்கப்படுவதால் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. பப்பாளியிலும் கிவியிலும் இதே வகை நொதிகள் உண்டு.

புதுப் பழத்தின் மணம் டின்னில் வருமா என்று கேட்கலாம். வராதுதான். அப்படியானால் புதுப் பழத்தையே ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் போதாதா என்றால், குளிர் நொதியை மந்தமாக்குமே தவிர அழிக்காது. நறுக்கிய பழத்தைச் சர்க்கரையுடன் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறிய பிறகு சேர்ப்பதே வழி. சூட்டோடு போட்டால் அடித்து வைத்த க்ரீம் அமுங்கிப்போகும். ஜெலட்டினுக்குப் பதிலாகச் சைனா கிராஸ் போடலாமே என்பதும் நியாயமான கேள்வி. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அது புரதமல்ல, ஆகவே உறைந்துவிடும், சைவருக்கும் ஏற்றது. ஆனால் க்ரீம் கசப்பதை அது தடுக்காது. வேகாத பழம்தான் வேண்டுமென்றால், பரிமாறும் நேரத்தில் மேலே தூவி உடனே சாப்பிட்டுவிடுங்கள்.